பட்ஜெட் கேமிங் பிசி: பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

"ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி ஃபேன். முழு கேமிங் செட்." இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். விலையைப் பார்த்தால் ஒரு சுமாரான மொபைல் வாங்கும் காசுதான். அதில் எழுதியிருப்பது ஒன்றும் பொய்யாக இருக்காது. எழுதாமல் விட்டதில்தான் சூட்சுமம். எந்த ஐ7? அந்தக் கார்டில் இருப்பது எந்த சிப்?

இந்த மாதிரி செட்களில் அடிக்கடி வரும் ஐ7-2600, 2011இல் வெளிவந்தது. 4 கோர் (உள்ளே வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). 2022இல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் கேமில் இந்த ஐ3 அந்த ஐ7-ஐ எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும். ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே ஆண்டு வரிசைக்குள் எது பெரியது என்று காட்டும் பெயர்கள், அவ்வளவுதான். பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும்: 12100 என்றால் 12ஆம் தலைமுறை, 2600 என்றால் 2ஆம் தலைமுறை. பழையதற்கு விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வ ஆதரவும் கிடையாது. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு அதில் இல்லாததால், சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது.

ஆகவே ரெடிமேட் செட்டை மறந்துவிட்டு, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்வோம். பெரும்பாலோர் ப்ராசசரில் தொடங்குவார்கள். நான் மானிட்டரில் தொடங்கச் சொல்வேன்.

மானிட்டரிலிருந்து பின்னோக்கி

திரையில் எத்தனை புள்ளிகள், விநாடிக்கு எத்தனை முறை அவை மாற வேண்டும் என்பதுதான் கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையின் அளவு. 1080பி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், 1080பி-யைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் வந்து மாறும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனையையும் கணக்கிட்டு நிறம் தீட்ட வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட் பில்டுக்கு 1080பி போதும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். நானும் அதே கட்சி.

அடுத்தது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும். அப்படியானால் ஒரு ஃப்ரேமைத் தயாரிக்க 16.7 மில்லிவிநாடி கிடைக்கிறது. 144 ஹெர்ட்ஸ் என்றால் அது 6.9 மில்லிவிநாடியாகச் சுருங்கும். வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். சுட்டால் உடனே சுட்டது போல இருக்கும். சைபர்பங்க் 2077 மாதிரி கதை ஓடும் கேம்களுக்கு 60 ஃப்ரேம் சீராக வந்தாலே நிம்மதி. நீங்கள் அதிகம் ஆடப்போவது எந்த ரகம்? இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் இருக்கும் ஸ்டாக்தான் உங்களுக்காகப் பதில் சொல்லும்.

ப்ராசசரும் கார்டும்

ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு கை மாறித்தான் திரைக்கு வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எந்தப் பொருளை எங்கே வரைய வேண்டும் என்று ப்ராசசர் முடிவு செய்து பட்டியல் கொடுக்கிறது. கார்டு அதை வரைகிறது. பரோட்டாக் கடையில் மாவை வீசித் தருபவர் ஒருவர், கல்லில் போட்டு எடுப்பவர் ஒருவர். வீசுபவர் மெதுவாக இருந்தால் கல் எவ்வளவு பெரியதாக இருந்தும் பாதி காலியாகக் கிடக்கும். கல் சிறியதாக இருந்தால் வீசிய மாவு பக்கத்தில் குவியும். எது மெதுவோ, அந்த வேகம்தான் மொத்த வேகம். பாட்டில்நெக் என்று யூடியூபில் மிரட்டுவது இவ்வளவுதான்.

எல்லா பிசியிலும் ஏதோ ஒன்று மற்றதைவிட மெதுவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எது மெதுவாக இருப்பது உங்களுக்கு நல்லது என்பதுதான் கேள்வி. கதை கேம்களில் கார்டு 97, 98 சதவீதம் வேலை செய்துகொண்டிருந்தால், கொடுத்த காசுக்கு அது உழைக்கிறது என்று அர்த்தம். தேவைப்பட்டால் நிழல், பிரதிபலிப்பு செட்டிங்குகளைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ப்ராசசர் மெதுவாக இருந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். கேம் நடுவில் திக்கும். கிராபிக்ஸைக் குறைத்தாலும் அவ்வளவாக மாறாது.

ஏற்கெனவே பழைய பிசி வைத்திருப்பவர் எதை மாற்றுவது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் ஃப்ரேம்கள்) குபுக்கென ஏறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் ப்ராசசர் அல்லது ராம். அஞ்சு பைசா செலவில்லாத சோதனை. ஆனாலும் புதுக் கார்டு வாங்கிய பிறகுதான் பலர் இதைச் செய்து பார்க்கிறார்கள்.

இணையத்தில் "பாட்டில்நெக் கால்குலேட்டர்" என்று இருப்பவற்றை நம்ப வேண்டாம். கேமும் ரெசல்யூஷனும் மாறினால் பதிலே தலைகீழாக மாறும் விஷயத்துக்கு ஒற்றைச் சதவீதம் சொல்வதில் பொருளில்லை. நீங்கள் நினைக்கும் ப்ராசசர், கார்டு ஜோடியின் பெயரையும் கேமின் பெயரையும் போட்டு யூடியூபில் தேடினால், ஓடுவதையே காட்டும் வீடியோ கிடைக்கும்.

கார்டு வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

மொத்தப் பணத்தில் பெரிய பங்கு இங்கேதான் போகும். ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். காரணம், ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு.

ஜிடி 1030 ஒரு உதாரணம். முதலில் ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது. விநாடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தும். 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு! பெட்டியின் மேல் பெரிதாக இருப்பது அதே 'ஜிடி 1030, 2 ஜிபி'. ஆர்டிஎக்ஸ் 3050-யிலும் இந்தக் கதை உண்டு. 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், 128 பிட் மெமரி பாதை. 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட். கடையில் 'புது மாடல்' என்று காட்டப்படுவது சின்னதாக இருக்கலாம். ஆனால் அந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடும், தனி பவர் கேபிளே கேட்காது. ஆபீஸ் பிசியைக் கேமிங்குக்கு மாற்ற நினைப்பவருக்கு அது நல்ல கார்டு. புதிதாகக் கட்டுபவருக்கு இல்லை.

"எத்தனை ஜிபி கார்டு?" என்ற கேள்வியை முதலில் கேட்காதீர்கள். சிப் எது, மெமரி எந்த ரகம், அப்புறம் எத்தனை ஜிபி. பலவீனமான சிப்பில் 8 ஜிபி வைத்தாலும் அது பலவீனமான சிப்தான். அதே சமயம், இன்றைய பெரிய கேம்களில் 4 ஜிபி கார்டு 1080பி-யிலேயே மூச்சு வாங்குகிறது. மெமரி நிரம்பிவிட்டால் கார்டு மெயின் ராமிலிருந்து தரவை இழுக்க வேண்டிவரும். படம் நின்று நின்று ஓடும். புதிதாக வாங்கினால் 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கருத்து.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் மலிவு கார்டாக வந்த இதற்கு 4 ஜிபி மெமரி, மதர்போர்டோடு பேச 4 பிசிஐ பாதைகள் மட்டும். பிசிஐ 4.0 உள்ள போர்டில் ஓரளவு சமாளிக்கும். 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் போட்டால் வேகம் நன்றாகவே விழும். அதாவது, மலிவு கார்டைத் தேடும் பழைய பிசிக்காரருக்குத்தான் அது மிக மோசமாக ஓடும். இதைவிட ஒரு வேடிக்கை உண்டா! சில மாதம் முன்னதாக, 2021 அக்டோபரில் வந்த ஆர்எக்ஸ் 6600-க்கு 8 ஜிபி மெமரி, 132 வாட் மின்சாரம். 1080பி-க்குப் பட்ஜெட் கார்டு என்றால் ரொம்ப நாளாகப் பலரும் முதலில் சொல்லும் பெயர் அது. அதற்கு மேல் கையில் பணம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060 வரிசையையோ, 12 ஜிபி மெமரியோடு வரும் இன்டெல் ஆர்க் பி580-ஐயோ பார்க்கலாம். கடைசியில் சொன்னதைப் பழைய ப்ராசசரோடு சேர்க்காதீர்கள். கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே சமயத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் அது படுத்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போடவிட்டு நாணயம் ஈட்டும் மைனிங்கைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. ஆர்எக்ஸ் 580 என்று மலிவாகக் கிடைப்பவற்றில் '2048எஸ்பி' என்ற குறைத்த ரகம் ஏராளம். அசல் 580-க்கு 2304 கோர்கள். போதாததற்கு, 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ரே ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. 580-யும் ஜிடிஎக்ஸ் 1660-யும் அங்கேயே அவுட். வேலோரண்டும் ஜிடிஏ 5-உம் மட்டும் ஆடுகிறவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. எப்படியிருந்தாலும் விற்பவர் இடத்திலேயே ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளி, கோடு தெறித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

ப்ராசசரும் போர்டும்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 6 கோர், 12 த்ரெட் உள்ள ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் பட்ஜெட் கார்டு எதையும் தடுக்காது. கை இன்னும் இறுக்கமாக இருந்தால் முன்பு சொன்ன ஐ3-12100எஃப். கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: இன்டெலில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ரைசன் 5 5600-க்கும் அப்படித்தான்.

5600, 5600ஜி, 5500 மூன்றையும் கடையில் ஒரே மூச்சில் சொல்வார்கள். 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்கு உள்ளேயே இருக்கும் வேகமான மெமரி), பிசிஐ 4.0. மற்ற இரண்டுக்கும் 16 எம்பி, பிசிஐ 3.0. கேஷ் கேமுக்கு ரொம்ப உதவும். விலை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் 5600-ஐயே எடுங்கள். 5600ஜி-க்கு ஒரே ஒரு நல்ல சந்தர்ப்பம் உண்டு: இப்போது கார்டு வாங்கப் பணமில்லை, ஆறு மாதம் உள் கிராபிக்ஸிலேயே சின்ன கேம்கள் ஆடிச் சமாளிக்கலாம் என்பவருக்கு.

'ட்ரே' ப்ராசசர் என்று பெட்டியில்லாமல் விற்பார்கள். விலை குறையும், ஆனால் கூலரும் வராது, கம்பெனியின் நேரடி வாரண்டியும் கிடைக்காது. கூலரைத் தனியாக வாங்கும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் பல சமயம் லாபம் கரைந்துவிடும்.

மதர்போர்டில் காசைக் கொட்டினால் எஃப்பிஎஸ் ஏறாது. இரண்டு ராம் ஸ்லாட், எஸ்எஸ்டி செருக ஒரு எம்.2 ஸ்லாட், ப்ராசசர் பக்கத்துப் பவர் பகுதியின் மேல் சூட்டை வெளியேற்றும் ஒரு ஹீட்சிங்க், அவ்வளவு இருந்தால் போதும். இந்த ரைசன்கள் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டில் பி550 போர்டு பாதுகாப்பான தேர்வு. பி450 போர்டு மலிவாகக் கிடைத்தால், 5000 வரிசை ப்ராசசரை அறியும்படி பயோஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். இன்டெலின் எச்610 போர்டுகள் டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என்று இரண்டு விதமாக வருகின்றன. ஒன்றின் ராம் மற்றதில் நுழையவே நுழையாது.

ராமில் ஒரு விஷயம்தான்: ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி. டிடிஆர்4-3200 ஒற்றையாக ஓடினால் விநாடிக்கு 25.6 ஜிபி, ஜோடியாக ஓடினால் 51.2 ஜிபி. உள் கிராபிக்ஸில் ஆடுபவருக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை, ஏனென்றால் அங்கே ராம்தான் கிராபிக்ஸ் மெமரியும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை கண்டபடி ஏறியது. ஏஎம்4-க்கு அடுத்து வந்த ரைசன் சாக்கெட்டான ஏஎம்5 புதிய மேடைதான், ஆனால் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும்; அதனால் மொத்தச் செலவு ஏறுகிறது. டிடிஆர்4 விலையும் சும்மா இருக்கவில்லை. வாங்கும் வாரத்தில் இரண்டு மேடைக்கும் ப்ராசசர், போர்டு, ராம் மூன்றையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். வீட்டில் பழைய பிசியின் நல்ல டிடிஆர்4 குச்சிகள் கிடந்தால் ஏஎம்4 பக்கம் சாய்வதில் தப்பே இல்லை.

எஸ்எஸ்டி கட்டாயம். ஹார்ட் டிஸ்கில் புது கேம்களை ஆட முயல்வது வீண். பிளாக் மித் வூகாங் ஒன்றே 130 ஜிபி கேட்கும். 500 ஜிபியில் விண்டோஸ் போக மூன்று பெரிய கேம் வைத்தால் இடம் தீர்ந்தது. முடிந்தால் 1 டிபி. எஸ்எஸ்டி ஜென்3-ஆ ஜென்4-ஆ (பிசிஐ 3.0-ஆ 4.0-ஆ) என்று ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். கேம் திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

எஸ்எம்பிஎஸ்: லேபிளைப் படியுங்கள்

எல்லாப் பாகமும் எடுத்து முடித்து, கையில் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் இருக்கும்போது "கேபினெட்டோடவே எஸ்எம்பிஎஸ் வருது சார், 450 வாட்" என்பார்கள். அந்த இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். பிசியில் மற்ற எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. இது வெடித்தால் தனியாகப் போகாது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். +3.3, +5, +12 வோல்ட் என்று கட்டங்கள், கீழே ஆம்பியர். ப்ராசசரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட்டில். அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 16 = 192 வாட். வெளியே 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அந்த 192தான். ஒழுங்கான 550 வாட் யூனிட்டில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் பக்கத்தில் இருக்கும்: 540 வாட். ஆர்எக்ஸ் 6600-உம் ரைசன் 5600-உம் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது மொத்த பிசி சுமார் 250 வாட் வரை இழுக்கும் என்று வையுங்கள். முதல் யூனிட் திணறுவது ஏன் என்று புரியும்.

80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதை மட்டும் சொல்வது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் தரத்தை இல்லை. ஐந்து ஆண்டு வாரண்டி கொடுக்கும் மாடலாகப் பார்த்து எடுப்பது எளிய வழி. கரண்ட் போய் வரும் ஊராக இருந்தால் யுபிஎஸ் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன பிசிக்கு, கேமைச் சேவ் செய்து மூட நேரம் கிடைக்கும், ஆட நேரம் கிடைக்காது. பெரிய கார்டு என்றால் 1000 விஏ பக்கம் போக வேண்டும்.

கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி மூடியிருப்பதைத் தவிர்த்து, வலை போட்டதை எடுங்கள். மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையில் காற்று நுழைய வழியில்லாத பெட்டி அடுப்பாகிவிடும். விளக்குகளை அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

60,000 ரூபாயைப் பிரித்தால்

மானிட்டர், கீபோர்டு நீங்கலாக என்று வைத்துக்கொள்வோம். இது விலைப்பட்டியல் இல்லை, விலை வாரத்துக்கு வாரம் ஆடும். பணத்தைப் பிரிக்கும் ஒரு விகிதம். கார்டுக்கு 22,000 முதல் 24,000 வரை. ப்ராசசர், போர்டு, ராம் மூன்றுக்கும் சேர்த்து 22,000 முதல் 24,000. எஸ்எஸ்டி-க்கு 6,000 சுற்றி. மிச்சத்தில் எஸ்எம்பிஎஸ்-உம் கேபினெட்டும், அதிலும் எஸ்எம்பிஎஸ்-க்கு முன்னுரிமை. ராம் விலை இடித்தால், ப்ராசசரை ஐ3-க்கு இறக்குங்கள், கார்டைத் தொடாதீர்கள். வேலோரண்ட் மாதிரி கேம்கள் மட்டும்தான் என்றால் இதைத் தலைகீழாக்கலாம்: கார்டில் குறைத்து, ப்ராசசரிலும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் போடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவோ, பெங்களூர் எஸ்பி ரோடோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் எண் முழுசாக இருக்கட்டும். "அது ஸ்டாக் இல்ல தம்பி, அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு" என்றால், மேலே சொன்ன ஜிடி 1030 கதையை நினைத்துக்கொண்டு, அந்த இன்னொன்றின் விவரத்தை அங்கேயே நின்று மொபைலில் பாருங்கள். "பில் இல்லாம எடுத்தா 18 பெர்சன்ட் குறையும்ணே" என்ற பேச்சும் வரும். வேண்டாம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஏறட்டும். வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

அசெம்பிள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மூன்று இடம் பார்க்க வேண்டும். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா. பயோஸில் எக்ஸ்எம்பி (ராமை வாங்கிய வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் செய்திருக்கிறதா. இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ராம் 2133-யிலோ 2400-யிலோ தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் தேர்வாகியிருக்கிறதா. பல சமயம் அது 60-லேயே இருக்கும். வேலோரண்ட் ஆடுபவர் விண்டோஸ் 11 போட்டிருந்தால் பயோஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் ஆன் செய்ய வேண்டும், இல்லையேல் கேம் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். பெட்டிகளை வாரண்டி முடியும்வரை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பரணில் ஏற்றி வையுங்கள்.